கைவினை அறைக்கு எது வேண்டும், எது வேண்டாம்: கத்தி முதல் பசை வரை ஒரு மதிப்பீடு

‘நூறு பொருள் ஒரே பெட்டியில்’ என்று விற்கும் கைவினைத் தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள். முக்கால்வாசி அலங்காரச் சாமான்தான் இருக்கும்: மினுமினுப்புத் தூள், பஞ்சு உருண்டை, ஒட்டுக் கண்கள், ரிப்பன் துண்டுகள். மூலையில் ஒரு மொட்டைக் கத்தரிக்கோலும் சுண்டுவிரல் அளவு பசைக் குழாயும் கிடக்கும். ஆனால் கைவினையில் ஒரு வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். ஒன்று, வெட்டு நேராக விழுவதில்லை. மற்றொன்று, ஒட்டியது நிற்பதில்லை. அந்த இரண்டுக்கும் வேண்டியதைத்தான் இந்தப் பெட்டிகள் ஏனோதானோவென்று தருகின்றன. அதனால் தொகுப்பு வேண்டாம் என்பதே முதல் தீர்ப்பு. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை வெட்டும் கருவிக்கும் பசைக்கும் ஒதுக்குங்கள். அலங்காரப் பொருளை அந்தந்த வேலைக்கு அப்போதைக்கப்போது வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் வாங்க வேண்டியது, பிளேடை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர். 1956-இல் ஜப்பானில் பிறந்த அமைப்பு இது. இந்தக் கட்டரைச் செய்யும் ஓல்ஃபா நிறுவனத்தின் பெயரே ‘ஓரு’ (ஒடிப்பது), ‘ஹா’ (பிளேடு) என்ற இரு ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்ததுதான். இரண்டு அளவு போதும். 9 மி.மீ. பிளேடு தாளுக்கும் மெல்லிய அட்டைக்கும், 18 மி.மீ. பிளேடு கெட்டி அட்டைக்கும் ஃபோம் போர்டுக்கும். 9 மி.மீ. கட்டரை வைத்துக் கெட்டி அட்டையை அறுத்தால் பிளேடு பக்கவாட்டில் வளையும். மேலே கோடு நேராக இருக்கும், அட்டையைத் திருப்பினால் அடியில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். பெட்டி செய்யும்போது மூலைகள் சேராமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அளவெடுத்ததில் தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருப்போம்.

வாங்கும்போது பிளேடை இரண்டு கண்ணி (ஒடிப்பதற்குக் கோடு போட்டுப் பிரித்த துண்டு) அளவுக்கு வெளியே தள்ளிப் பூட்டுங்கள். நுனியைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் அந்தக் கட்டரை வைத்துவிடலாம். உள்ளே பிளேடு ஓடும் தடம் உலோகமாக இருந்தால் ஆட்டம் இருக்காது. வெறும் பிளாஸ்டிக் தடம் சீக்கிரம் தளர்ந்துவிடும். 18 மி.மீ. கட்டருக்கு மட்டும் திருகுப் பூட்டு உள்ளதையே எடுங்கள். அழுத்தி அறுக்கும்போது சாதாரண நழுவு பூட்டு பின்வாங்கும் ஆபத்து உண்டு.

பிளேடைச் சிக்கனம் செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும். அழுத்தம் கூடினால் கத்தி ஸ்கேலின் மேல் ஏறும், ஸ்கேலைப் பிடித்திருக்கும் விரலில் போய் நிற்கும். மழுங்கிவிட்டதைக் கண்டுபிடிப்பது எளிது. வெட்டு முடியும் மூலையில் தாள் சுருண்டு கிழியும், வெட்டிய ஓரத்தைத் தடவினால் நார்நாராக உறுத்தும். அந்தக் கணமே ஒரு கண்ணியை ஒடித்துவிடுங்கள். தட்டை மூக்குக் குறடால் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒடிக்க வேண்டும்.

2 மி.மீ. சாம்பல் அட்டையை ஒரே இழுப்பில் அறுக்க நினைக்கக் கூடாது. முதல் இழுப்பு கோடு போடுவதற்கு மட்டும், பென்சில் அழுத்தம் போதும். அது ஒரு தடத்தை உண்டாக்கிவிடும். அடுத்த நான்கைந்து இழுப்பும் அந்தத் தடத்திலேயே தானாக ஓடும். கத்தியைப் பக்கவாட்டில் சாய்க்காமல், அட்டையோடு தாழ்ந்த கோணத்தில் பிடியுங்கள்; நுனி மட்டும் படாமல் விளிம்பின் கொஞ்ச நீளமாவது படும்படி. கடைசி இழுப்பில் சத்தம் மாறும். அட்டையின் கரகரப்பு போய், அடியில் விரித்த கட்டிங் மேட்டில் (வெட்டுவதற்கான விரிப்பு) வழுக்கும் மெத்தென்ற ஓசை வரும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

நுணுக்கமான உள்வெட்டுகளுக்குப் பேனா வடிவக் கத்தி ஒன்று வேண்டும். எக்ஸ்-ஆக்டோ நிறுவனத்தின் 11-ஆம் எண் பிளேடு இதற்கு ஏறக்குறைய பொது அளவாகவே ஆகிவிட்டது. அந்த வடிவத்தைப் பிடிக்கும் கைப்பிடி எதுவானாலும் சரி. உருண்டைக் கைப்பிடி மேசையிலிருந்து உருண்டு காலில் விழும் என்பதால் பட்டை பட்டையாக உள்ளதைத் தேடுங்கள். வளைவுகளில் கத்தியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள்.

கட்டிங் மேட் விஷயத்தில் ‘தானே ஆறிவிடும்’ என்ற விளம்பரத்தை முழுக்க நம்ப வேண்டாம். பல அடுக்கு பி.வி.சி.யால் ஆன இந்த மேட்டில் பிளேடு செங்குத்தாக இறங்கினால் கீறல் மூடிக்கொள்ளும். சாய்வாக இறங்கினால் ஒரு சீவல் பெயர்ந்து வந்துவிடும், அது ஆறாது. 3 மி.மீ. கனம் உள்ளதையே வாங்குங்கள். அளவு குறைந்தது ஏ3. ஏ4 மேட்டில் ஏ4 தாளை வைத்தால் ஸ்கேல் வெளியே தொங்கும், கத்தி மேசையில் இறங்கும். மேட்டில் அச்சிட்ட கட்டங்களை ஓரம் சேர்க்கப் பயன்படுத்துங்கள். அளவெடுக்க அவற்றை நம்பும் முன் ஓர் எஃகு ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். சில மேட்டுகளில் 30 செ.மீ.க்குள்ளேயே அச்சு விலகியிருக்கும்.

மேட்டுக்கு எமன் வெப்பம். ஜன்னலோர வெயில், சூடான குவளை, குளூ கன்னின் மூக்கு, இவற்றில் எது பட்டாலும் அலை அலையாக நெளிந்துவிடும். திரும்ப நிமிர்த்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம். சுருட்டி வைப்பதும் கூடாது. கீறல்களில் நார் அடைத்துக்கொண்டால் பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுத்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.

எஃகு ஸ்கேல் இரண்டு: 30 செ.மீ., 60 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைக் கத்தி சீவிவிடும், அதன் பிறகு அதை வைத்துப் போடும் ஒவ்வொரு கோட்டிலும் அந்தப் பள்ளம் வந்துகொண்டே இருக்கும். அலுமினியமும் மென்மைதான். அடியில் கார்க் ஒட்டிய ஸ்கேல் நழுவாது. இல்லையென்றால் பின்பக்கம் நீளவாக்கில் இரண்டு பட்டை மாஸ்கிங் டேப் ஒட்டினாலே போதும்.

கத்தரிக்கோல் மூன்று வேண்டும்: துணிக்கு மட்டும் ஒன்று, தாளுக்கு ஒன்று, நூல் நறுக்கக் கூர்நுனி கொண்ட சின்னது ஒன்று. துணிக் கத்தரிக்கோலால் தாளை வெட்டக் கூடாது என்பது வெறும் பழக்கமில்லை. தாளில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் கலந்திருக்கின்றன, அவை உலோக ஓரத்தைத் தேய்த்துவிடும். அடையாளம் தெரிவதற்குத் துணிக் கத்தரிக்கோலின் கைப்பிடியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். வாங்கும் இடத்தில் மெல்லிய துணியை இரண்டாக மடித்து நுனிவரை வெட்டிப் பாருங்கள். நடுவில் வெட்டி, நுனியில் துணியை மடித்துக் கவ்வினால் அது வேண்டாம். இரண்டு தகடும் சேரும் இடத்தில் ஆணிக்குப் பதில் திருகு இருந்தால் பின்னால் இறுக்கிக்கொள்ளலாம். ஃபிஸ்கார்ஸ் நிறுவனத்தின் ஆரஞ்சு நிறக் கைப்பிடி 1967-இல் வந்தது. கைக்கு ஏற்ற வளைவை வார்த்தெடுக்கும் அந்த யோசனை இன்று பல நிறுவனங்களிடமும் இருக்கிறது. அதனால் பெயரைவிடப் பிடியைப் பார்த்து வாங்கலாம். இடக்கைக்காரர்களுக்குக் கைப்பிடி மட்டும் மாறினால் போதாது, தகடுகளே மாறி அமைந்திருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டும் கோடு அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

சக்கர வடிவ பிளேடு உருண்டு வெட்டும் உருளைக் கட்டர் துணி வேலை செய்பவர்களுக்கு மட்டுமே. 45 மி.மீ. எடுங்கள். இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். 45 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 14 செ.மீ. வெட்டிய துணியில் 14 செ.மீ.க்கு ஒருமுறை நூல் அறுபடாமல் நின்றால் சக்கரத்தில் ஒரு பல் விழுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். ஒழுங்கில்லாமல் அங்கங்கே நின்றால் குற்றம் மேட்டில்.

இனி பசை. ‘எல்லாவற்றையும் ஒட்டும்’ என்று எழுதிய குப்பி ஒன்றையும் வாங்காதீர்கள். ஐந்து வகை இருந்தால் வீட்டுக் கைவினையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சமாளிக்கலாம்.

பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசைதான் முதுகெலும்பு. அட்டை, மரம், துணி, தாள் எல்லாவற்றிலும் உலர்ந்தபின் நிறமற்றுப் போகும். அதன் குறை உள்ளே இருக்கும் தண்ணீர். தாள் ஈரத்தில் விரிந்து, உலரும்போது சுருங்கும். மெல்லிய தாள் என்றால் நெளிநெளியாகும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், அது சுருங்கும்போது அட்டையையே வில்லாக வளைத்துவிடும். இதற்கு மருந்து எடையை ஏற்றுவது மட்டுமில்லை. அட்டையின் மறுபக்கத்திலும் அதே கனத் தாளை ஒட்ட வேண்டும். இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். பசையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய படலமாகப் பிரஷ்ஷால் இழுங்கள். கொட்டி விரலால் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். ஒட்டியதை இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே ஈரம் இருக்கும். தாள்களைப் பொருள்மேல் ஒட்டி அதன்மேலேயே பூச்சாகவும் போடும் வேலைக்கு மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் போதும். அதற்குமேல் கலந்தால் தாள் ஊறிக் கிழியும். ஒன்று நினைவிருக்கட்டும்: உறைபனியில் கிடந்து கட்டிதட்டிய பி.வி.ஏ. பிறகு எவ்வளவு கலக்கினாலும் தேறாது.

நெளிவு வரவே கூடாத இடங்களில், அதாவது வாழ்த்து அட்டை, புகைப்படம் போன்றவற்றில், தண்ணீர் இல்லாத டபுள் சைடு டேப்தான் சரி. 3 மி.மீ.யும் 12 மி.மீ.யும் வைத்திருங்கள். புகைப்படத்துக்கு ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சில ஆண்டுகளில் டேப் ஓடிய இடம் மஞ்சள் கோடாக முன்பக்கம் தெரியும். குச்சிப் பசை குழந்தைகளின் தாள் வேலைக்கு நல்லது. நீண்ட நாள் நிற்க வேண்டியதற்கு வேண்டாம், ஓரங்கள் தாமாகவே எழுந்துகொள்ளும்.

குளூ கன்னைப் பற்றிப் புகழ்ச்சி அதிகம், புரிதல் குறைவு. அதில் வருவது உருகிய பிளாஸ்டிக். ஆறினால் இறுகும், அவ்வளவுதான். குறைந்த வெப்பக் கன் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் உருக்கும், அதிக வெப்பக் கன் 190 டிகிரி வரை போகும். தெர்மாகோலுக்கும் மெல்லிய துணிக்கும் முதலாவதுதான். இரண்டாவது தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். குச்சிகள் 7 மி.மீ., 11 மி.மீ. என்று இரு தடிமனில் வருகின்றன. கன்னுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் வாங்குங்கள். உலோகம், கண்ணாடி, கல் ஆகியவற்றில் இது நிற்காது. அவை வெப்பத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் பசை பற்றுவதற்கு முன்பே தோலாக உறைந்து, மறுநாள் முழுசாக உரிந்து வரும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ விளக்கின் அருகிலோ வைக்கும் பொருளுக்கும் ஆகாது. ஒட்டிய பின் சிலந்தி நூல் போலத் தொங்கும் இழைகளை ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றைக் காட்டி நீக்கலாம். பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் எப்போதும் இருக்கட்டும். சூடான பசை விரலில் பட்டால் உரிக்கப் பார்க்காதீர்கள், முதலில் விரலை நீரில் விடுங்கள்.

சூப்பர் குளூ காற்றிலும் பொருளின் பரப்பிலும் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. அதனால் ஒரு துளி பிடிக்கும், நாலு துளி விட்டால் நடுவில் இறுகாமல் நிற்கும். கறுப்புப் பரப்பில் அதைச் சுற்றி வெண்படலம் படிவதும் அளவு மிஞ்சியதன் அடையாளம். பருத்தித் துணி, பஞ்சு, கம்பளி ஆகியவற்றில் இதை ஒருபோதும் விடாதீர்கள். வேகமாக வினை நடந்து தோல் சுடும் அளவுக்குச் சூடேறும், புகையும் வரலாம். பஞ்சைக் கொண்டு துடைப்பதும் அதே ஆபத்துதான். திறக்காத குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும், இல்லையேல் உள்ளே ஈரம் படியும். திறந்ததைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். பெரிய குப்பி வேண்டவே வேண்டாம்.

உலோகம், கண்ணாடி, கல் ஆகியவற்றுக்கு, பிசினும் இறுக்கியும் தனித்தனிக் குழாயில் வரும் எப்பாக்ஸி. இரண்டு குழாயையும் சம அளவு பிழிந்து, ஒரு நிமிடமாவது நன்றாகக் கலக்க வேண்டும். ‘ஐந்து நிமிடம்’ என்று எழுதியிருப்பது கையில் வைத்து வேலை செய்யக் கிடைக்கும் நேரம்தான், முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றால் அளவு தவறியிருக்கிறது அல்லது கலக்கியது போதவில்லை. மேலே இன்னும் ஊற்றுவதால் சரியாகாது, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத எப்பாக்ஸி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகும், அது வந்தால் பிறகு விடாது.

தாள் வாங்குவதில் ஜி.எஸ்.எம். என்ற எண்ணைத்தான் பார்க்கிறோம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. பொட்டலத்தில் எழுதியிருப்பது சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். பதினாறையும் தராசில் வையுங்கள், காட்டும் கிராம்தான் ஜி.எஸ்.எம். அச்சுக்கும் மடிப்பு வேலைக்கும் 80 முதல் 120 வரை, வாழ்த்து அட்டைக்கு 200 முதல் 300 வரை வைத்திருந்தால் நடைமுறையில் போதும். நிற அட்டையின் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் மேலே மட்டும் நிறம் பூசியிருக்கிறார்கள். மடிக்கும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழும்.

அதைவிட முக்கியம் நாரோட்டம். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் ஒரு திசையில் கூடுதலாகப் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு கூராக விழும், குறுக்கே மடித்தால் வெடித்துப் பிளக்கும். கண்டுபிடிக்க, அட்டையை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ, நாரோட்டம் அந்த வளைவுக்கு இணை. 200 ஜி.எஸ்.எம்.க்கு மேல் எதையும் கோடு அமுக்காமல் மடிக்காதீர்கள். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவே இதற்குப் போதும். இங்கேதான் பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். அமுக்கிய பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பின்னால் எழும் மேடு உட்பக்கம். பள்ளத்துக்குள் மடித்தால் வெளி இழைகள் இழுபட்டு வெடிக்கும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் ஒன்றே தொடக்கத்தில் போதும். இருபத்துநான்கு குப்பித் தொகுப்பைவிட வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு என்று ஏழு குப்பிகள் பயன் தரும். வெள்ளையை மட்டும் இரட்டிப்பு அளவில் எடுங்கள். ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக்கின் பசைப் பகுதி பால் போல வெண்மையாக இருக்கும். உலர்ந்ததும் அது தெளிவாகிவிடுவதால் நிறம் ஒரு படி இருளும். தேவைக்குச் சற்று வெளிறலாகக் கலந்தால் சரியாக வந்து நிற்கும். செயற்கை இழைப் பிரஷ் வாங்குங்கள்: வட்ட நுனியில் 2, 6 எண்கள், தட்டையில் 12 மி.மீ. அகலம் ஒன்று. இழையின் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் முக்காதீர்கள். உலோகப் பூணுக்குள் வண்ணம் இறங்கி உலர்ந்தால் இழை விரிந்துவிடும், பிரஷ் அதோடு முடிந்தது. அக்ரிலிக் பூசிய இரண்டு பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உலர்ந்த பின்னும் ஒட்டிக்கொள்ளும். இடையில் மெழுகுத் தாள் வையுங்கள். வார்னிஷை ஒரே கெட்டிப் பூச்சாக அடிக்காமல், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய இரண்டு பூச்சு அடியுங்கள். குப்பியைக் குலுக்கினால் குமிழி வரும், குச்சியால் கலக்குங்கள்.

நூல், மணி, கம்பி இவற்றை அந்த வேலையில் இறங்கினால் மட்டும் வாங்கலாம். ஆறு இழை எம்பிராய்டரி நூலை 45 செ.மீ.க்கு மேல் நீளமாகக் கோக்காதீர்கள், துணியில் ஊடுருவி ஊடுருவி நூல் தேய்ந்து பிசிறு தட்டும். கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை மறந்து வாங்கித் திணறுபவர்கள் ஏராளம். நகை வேலையில் சுருள்நிலை மாறாத கடினக் கம்பியைச் சாதாரண வெட்டுக் குறடால் வெட்டினால் குறட்டின் வாயில் பல் விழும். அதற்குத் தனிக் குறடு வேண்டும்.

விளக்குக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல், நிற வெப்பநிலை (ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்று சொல்லும் எண்) 4000 முதல் 5000 கெல்வின். சி.ஆர்.ஐ. குறைந்தால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தெரியும். வேலை செய்யும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், கையின் நிழல் கோட்டின்மேல் விழாது. வெட்டும் மேசை நின்று செய்ய ஏறத்தாழ 90 செ.மீ. உயரம் வேண்டும்; சாதாரண மேசையில் குனிந்து ஒரு மணிநேரம் அறுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அடுக்கி வைக்கும் டப்பாக்கள் ஒளி ஊடுருவுபவையாக இருக்கட்டும், தாளுக்கு மட்டும் வெளிச்சம் படாத இடம். கெட்டி அட்டைகளைப் படுக்கவே வையுங்கள். சாய்த்து நிறுத்தினால் இரண்டு வாரத்தில் வளைந்துவிடும். வண்ணக் குப்பிகளின் மூடியில் உள்ளே இருக்கும் நிறத்தை ஒரு பொட்டாக வையுங்கள். கடைசியாக ஒரு தகர டப்பா, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல். ஒடித்த பிளேடு, வளைந்த ஊசி எல்லாம் அதற்குள் போகட்டும். நிறைந்ததும் கீறலை டேப்பால் மூடி, ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதிக் குப்பை எடுப்பவர் கையில் தனியாகக் கொடுங்கள்.